உறுமலுக்கு ஒரு காது

அமெரிக்காவின் புகழ்பெற்ற மோட்டார் சைக்கிள் எங்கள் ஊர்த் தொழிற்சாலையில்தான் முதன்முதலில் உறுமுகிறது. உறுமல் சரியா என்று கேட்டுச் சொல்வது அங்கே சோதனைப் பிரிவில் இருக்கும் ஒருவரின் வேலை. டேங்க் மேல் உள்ளங்கையை வைப்பார், கண்ணை மூடுவார். “ஓகே, கப்பல்ல ஏத்து!”

“அண்ணன் காதுக்கு அமெரிக்காக்காரனே சலாம் போடணும்” என்பார்கள் கூட வேலை பார்ப்பவர்கள்.

அன்று மாலை மகள் எதிரில் வந்து நின்றாள். “அப்பா, ஸ்கூல்ல பாட்டுப் போட்டி. எப்படி இருக்குன்னு சொல்லுங்க.”

“என் முகத்தைப் பார்த்துப் பாடு, செல்லம்.”

கையை ஆட்டி ஆட்டி முழுப் பாட்டையும் முடித்தாள். அவர் கைதட்டினார். “பிரமாதம்! நம்ம இஞ்சின் மாதிரி, ஒரு பிசிறு இல்ல!”

மகள் சமையலறைக்கு ஓடி அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

“நேத்து பின்னாடி நின்னு கூப்பிட்டேன்மா, அப்பா திரும்பவே இல்ல. அதான் இன்னிக்கு வாயை மட்டும் அசைச்சேன். நான் பாடவே இல்லம்மா.”

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். “கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்டி. யார்கிட்டயும் சொல்லிடாதே.”

மகள் வீடே அதிர அழுதாள்.

“ஷ்… மெதுவா அழுடி. அப்பாவுக்குக் கேட்…”

சொல்ல வந்ததை முடிக்காமல், அம்மாவும் வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.