ஸ்டார்ட்டர் மாட்டும் படலம்

“டார்ச்சை ஒழுங்கா பிடிங்க தம்பி! வெளிச்சம் என் மூக்குல விழுது, வயர் அங்க இருக்கு!”

காரின் ஸ்டியரிங்குக்குக் கீழே தலையும் கதவுக்கு வெளியே காலுமாகப் படுத்திருந்தவர், பல் டாக்டரின் வருங்கால மாமனார். ஆவாரா மாட்டாரா என்பது இன்று தெரிந்துவிடும்.

பெண் கேட்க வந்தவனை அவர் வாசலிலேயே மடக்கிவிட்டார்.

“வந்துட்டீங்களா? நல்லதாப் போச்சு. ரிமோட் ஸ்டார்ட்டர் மாட்டிட்டு இருக்கேன். வீட்டுக்குள்ள இருந்து பட்டனை அமுக்கினா வண்டி தானா ஸ்டார்ட் ஆயிடும். நாம வந்து உக்கார்றதுக்குள்ள ஏசி ஜில்லுனு இருக்கும். சட்டையை மடிச்சு விடுங்க.”

“சார், எனக்குக் காரைப் பத்தி ஒண்ணும் தெரியாது...”

“எனக்கு மட்டும் தெரியுமா? அதுக்காக மெக்கானிக்கைக் கூப்பிட நான் என்ன கையாலாகாதவனா?”

அவருடைய பெண் நேற்றே அவனை எச்சரித்திருந்தாள். “அப்பா என்ன சொன்னாலும் நீ வாயைத் திறக்காதே. அவர் சரின்னு சொல்லலைன்னா நம்ம கல்யாணம் அவ்வளவுதான்.”

ஊரில் உள்ளவர்களை எல்லாம் வாயைத் திறக்கச் சொல்லிப் பிழைப்பவன், தன் வாயை இறுக மூடிக்கொண்டு டார்ச்சைத் திருப்பினான்.

“சிவப்பு வயரை எடுங்க.”

எடுத்துக் கொடுத்தான்.

“இது எதுக்கு? நீலத்தைக் கேட்டேன்.”

“சிவப்புன்னுதான் சொன்னீங்க சார்.”

“நான் சிவப்புன்னு சொன்னா, நீலம்னு புரிஞ்சுக்க வேணாமா?”

இருக்கைக்கு அடியில் உருண்டு போன திருகு ஒன்றை, கடைவாய்ப் பல்லைத் தேடும் விரல்களால் துழாவி எடுத்தான். இதற்காகவே வாங்கிய வெள்ளைச் சட்டையில் கிரீஸ் ஒரு தேசப்படமே வரைந்திருந்தது. ஜன்னல் திரைக்குப் பின்னால் பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

“ம், ரிமோட்டை அமுக்குங்க!”

அமுக்கினான். பட்டன் மேல் இருந்த எழுத்து பாதி அழிந்து போயிருந்தது.

“மட்டமான கம்பெனி. எழுத்தைக்கூட ஒழுங்கா அடிக்கத் தெரியலை” என்றார் அவர்.

விளக்குகள் கண் சிமிட்டின. ஹாரன் ‘பீப்’ என்றது. என்ஜின் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

“எல்லாத்தையும் பிரிங்க. முதல்லேர்ந்து!”

பிரித்தார்கள், மாட்டினார்கள். பீப். மறுபடி பிரித்தார்கள், மாட்டினார்கள். மறுபடி பீப்.

அவர் ஸ்டியரிங்குக்கு அடியிலிருந்து பாம்பு போலச் சீறிக்கொண்டு எழுந்தார். “ஒரு வயரைச் சொருகத் துப்பில்லை, உமக்கு என் பொண்ணு கேக்குதா?”

டாக்டருக்குக் காது சிவந்தது. ரிமோட்டை வீசிவிட்டுக் கிளம்பிவிடலாமா என்று ஒரு கணம் கை துறுதுறுத்தது. ஆனால், வலியில் விரலைக் கடிக்கிற நோயாளிகளை அவன் நிறையப் பார்த்தவன்.

“சார், நீங்க களைச்சுப் போயிருக்கீங்க. முதல்ல கொஞ்சம் தண்ணி குடிங்க. அப்புறம் பொறுமையா மறுபடி பார்ப்போம். எவ்வளவு நேரமானாலும் நான் இருக்கேன்.”

அவர் அவனையே உற்றுப் பார்த்தார். தண்ணீரைக் குடித்தார். பிறகு பானட்டைத் தூக்கி, மூலையில் தனியாகத் தொங்கிய ஒரு மஞ்சள் வயரைக் கண்ணை மூடிக்கொண்டு செருகினார். பானட்டை மூடினார்.

“இப்ப அமுக்குங்க.”

கார் சமர்த்தாக ஸ்டார்ட் ஆனது!

டாக்டர் குழந்தை போலக் குதித்தான். “சார், எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?”

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். காபி டம்ளரோடு வெளியே வந்த மூத்த மருமகன்தான் அவன் காதோரம் குனிந்தான். “அவர் எங்கே கண்டுபிடிச்சார்? இது வருஷக்கணக்கா ஓடிட்டிருக்கிற ஸ்டார்ட்டர். நான் பொண்ணு கேட்டு வந்த அன்னிக்கும் இதே வயரைத்தான் கழட்டி வெச்சிருந்தார்.”

டாக்டர் ஜன்னலைப் பார்த்தான். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு திரைக்குப் பின்னால் மறைந்தாள்.

“என்ன பண்றது? என் பொண்ணுங்க கோபத்துக்கு முன்னால நான் கத்தினதெல்லாம் தாலாட்டு” என்று அவன் தோளில் கை போட்டார் பெரியவர். “உள்ளே போய்ச் சட்டையை மாத்திக்கோங்க மாப்பிள்ளை. அதுக்கு முன்னாடி அந்த மஞ்சள் வயரைக் கழட்டி வெச்சிடுங்க. சின்னவளைக் கேட்டு நாளைக்கு ஒருத்தன் வர்றான்!”