டெய்லரின் கை

அப்பாவின் கை நடுங்குவதை மகன் அன்று காலையில்தான் முதன்முதலாக நேரில் பார்த்தான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பனியனை மேலே சுருட்டி, இடது கையால் வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்திருந்தார். வலது கையில் மகன் வாங்கி வந்த புது இன்சுலின் பேனா. பிடித்த கை வெடவெடவென்று ஆட, சதை நழுவிப் போனது.

"நான்தான் சொன்னேனேடா, இதெல்லாம் எனக்குச் சரிப்படாது" என்றார் அப்பா.

"வலது கை நடுங்குதுப்பா, சிரிஞ்சுல மருந்தை அளந்து இழுக்க முடியலை" என்று அவர் போனில் சொன்னபோது, இவ்வளவு மோசமாக இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை. வாழ்நாளெல்லாம் ஊசியும் நூலுமாக இருந்த டெய்லர். அம்மா போன பிறகு கடையை வேலையாளிடம் விட்டுவிட்டு, தனியாக இருக்கிறார். மாடி வீட்டு டீச்சர்தான் தினமும் காலையில் இறங்கி வந்து, அவருக்கு ஊசி போட்டுவிட்டுப் போகிறார்.

டீச்சரும் ஓய்வு பெற்றவர், தனியாக இருப்பவர். அவரை எத்தனை நாளைக்குத் தொந்தரவு செய்வது? அதனால்தான் மகன் டாக்டரிடம் கேட்டு இந்தப் பேனாவை வாங்கி வந்திருந்தான்.

"இதுல அளக்குற வேலையே இல்லப்பா. குமிழைத் திருகணும், வச்சு அழுத்தணும். அவ்வளவுதான். இதையும் உங்களால போட்டுக்க முடியலைன்னா பேச்சே கிடையாது, சாயங்காலம் என்கூடக் கிளம்புறீங்க. உங்க மருமக உங்களுக்கு ரூம் ஒழிச்சு வச்சுட்டா."

"அங்க வந்து நான் என்ன பண்ண? நீங்க ரெண்டு பேரும் ஆபீஸ் போயிடுவீங்க. நான் உங்க வீட்டுத் திரைச்சீலைக்குத் தையல் சரியா இருக்கான்னு பார்த்துட்டு உக்காந்திருக்கணும்."

"அப்போ இன்னொரு தடவை போட்டுக் காட்டுங்க."

"காட்டுறேன், காட்டுறேன். நீ முதல்ல காபி குடி."

சமையலறைக்குப் போன அப்பா, விளிம்பு வரை ததும்பிய டம்ளரோடு வந்து நீட்டினார். ஒரு வாய் குடித்த மகன் முகத்தைச் சுளித்தான்.

"சர்க்கரை எங்கப்பா?"

"டப்பாவையே டீச்சர் மாடிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. வேணும்னா போய்க் கேளு. எனக்குத் தைரியம் இல்லை."

வேறு வழியில்லாமல் அப்பா மறுபடியும் பேனாவை எடுத்தார். மறுபடியும் சதையைக் கிள்ளினார். இந்த முறை கை ஆடிய ஆட்டத்தில் கட்டிலே கிறீச்சிட்டது.

"என்ன டெய்லர் சார், பூகம்பமா?"

வாசலில் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. உள்ளே வந்து பேனாவை வாங்கிக்கொண்டார். அதோடு வந்த தாளை, வினாத்தாளைப் படிப்பதுபோல ஒரு வரி விடாமல் படித்தார். ஒரு சொட்டை வெளியே விட்டுப் பார்த்தார், அளவைத் திருகினார்.

"மூச்சைப் பிடிக்காதீங்க. ஊசிதான் போடுறேன், உங்களைத் தூக்குல போடலை." அழுத்திப் பிடித்தபடி, பத்து வரை சத்தமாக எண்ணிவிட்டு ஊசியை எடுத்தார்.

"உங்களுக்குத் தினமும் சிரமம் டீச்சர்" என்றான் மகன். "அதான் அப்பாவை என்கூடக் கூட்டிட்டுப் போயிடலாம்னு பார்க்குறேன்."

அப்பா பனியனை இறக்கிவிட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். டீச்சர் அவசரப்படாமல் பேனாவை மூடினார்.

"உங்கப்பா, நீங்க கூட்டிட்டுப் போறீங்க. அதுல நான் சொல்ல என்ன இருக்கு? ஆனா அங்க எல்லாரும் விடியும்போதே வேலைக்குக் கிளம்பிடுவீங்களாமே. ஊசி போட்டுட்டு இவர் சாப்பிட்டாரா இல்லையான்னு யாரு பார்ப்பா? சாப்பிடாம விட்டா மயங்கி விழுந்துடுவாரு."

மகன் ஆறிப்போன காபி டம்ளரைத் தள்ளி வைத்தான்.

"நான் எப்படியும் பால் வாங்கக் கீழ இறங்குறவ தம்பி. எத்தனையோ வருஷம் பள்ளிக்கூடத்துப் பசங்களோட வயித்துவலியைப் பார்த்தவ நான். உங்கப்பாவோட கைநடுக்கத்தைப் பார்த்துக்க மாட்டேனா?"

சாயங்காலம் பேனாவை டீச்சர் பொறுப்பில் ஒப்படைத்துவிட்டு, அவன் தனியாகத்தான் கிளம்பினான். "சாப்பாட்டைத் தள்ளிப் போடாதீங்கப்பா" என்று இரண்டு தடவை சொன்னான். அப்பா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

தெருமுனை வரை போன பிறகுதான், போன் சார்ஜரைச் சுவரிலேயே விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. திரும்பி நடந்தான். கதவு ஒருக்களித்திருந்தது.

உள்ளே மேஜை அருகே டீச்சர், மடியில் கிழிந்த தலையணை உறையோடு உட்கார்ந்திருந்தார். "கண்ணு தெரிய மாட்டேங்குது" என்று தையல் ஊசியையும் நூலையும் நீட்டினார். அப்பா வாங்கினார். நூலின் நுனியை நாக்கில் நனைத்தார், ஊசியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். ஒரே முறையில் நூல் காதுக்குள் நுழைந்து மறுபக்கம் வந்தது.

செருப்பைக் கழற்றப் போன மகன் ஒற்றைக்காலில் அப்படியே நின்றான்.

டீச்சர் தைக்கத் தொடங்கினார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இன்னைக்கு இடது கையை ஆட்டிட்டீங்க, டெய்லர் சார். அடுத்த தடவை பையன் வந்தா, மறக்காம வலது கையை ஆட்டுங்க."