நாட்டுக்குச் சொன்ன பதில்

பெண் வீட்டார் வந்து உட்கார்ந்திருக்கிற நேரம் பார்த்தா அந்தப் பிள்ளை கேட்டைத் திறக்கணும்?

கையில் டேப்லெட் கணினி, கழுத்தில் அடையாள அட்டை. "அம்மா, என் பேரு பிரிஜா. அரசாங்க சர்வே. வீட்டுல என்னென்ன வாங்குதீங்க, என்ன சாப்பிடுதீங்கன்னு கேக்கணும்."

தாணம்மாள் வாசலிலேயே அவளை மறித்தாள். புருஷன் போன பிறகு ஒற்றையாக வளர்த்த மகன் சிவதாணு. நாலு இடம் தட்டிப்போய், இப்போதுதான் ஒன்று கூடி வருகிறது. பெண்ணின் அப்பா பூதலிங்கம் மாப்பிள்ளை வீடு பார்க்க பூதப்பாண்டியிலிருந்து வந்திருக்கிறார். அடுக்களை வரைக்கும் எட்டிப் பார்த்துவிட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் உட்கார்ந்திருக்கிறார் மனுஷன்.

"நாளைக்கு வா மக்கா. விருந்தாள் இருக்காவ."

"நாளைக்கு வேற ஊரும்மா. இன்னைக்கே முடிக்கணும்."

"இரு மக்கா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார் பூதலிங்கம். டியூட்டோரியல் காலேஜில் எக்கனாமிக்ஸ் எடுத்தவர். வாய் சும்மா இருக்குமா? தாணம்மாள் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, இது லேசுப்பட்ட காரியம் இல்ல. பொருளாதாரத்துல பிரிட்டனைத் தாண்டிட்டோம்னு டிவியில சொல்லுகான்லா? மொத்தத்துலதான் தாண்டிட்டோம். தலைக்கு எவ்வளவுன்னு பாத்தா அவன் எங்கேயோ நிக்கான், நாம எங்கேயோ நிக்கோம். வீட்டுக்கு வீடு என்ன பொங்குதுன்னு பாத்தாத்தான் நெசம் தெரியும். அதைத்தான் இந்தப் பிள்ளை எழுதுகு. உள்ளத உள்ளபடி சொல்லணும், கேட்டியா?"

உள்ளது என்ன? ரேஷன் அரிசி, ரசம், ஒரு துவையல். செல்போன் கடையில் சிவதாணு வாங்குகிற சம்பளம் பைக் லோனுக்கும் அவள் மருந்துக்குமே சரியாகிவிடும். அதைச் சொன்னால் கல்யாணம் போச்சு. கூட்டிச் சொன்னால், அரிசி கார்டைச் சர்க்கரை கார்டாக மாற்றிவிடுவார்கள் என்று ஊரே சொல்லுகிறது. அப்புறம் உலையில் எதைப் போட?

"இதுக்கும் கார்டுக்கும் சம்பந்தமே இல்லம்மா" என்றாள் பிரிஜா, கேட்காமலேயே.

அப்படித்தான் சொல்லுவாளுக.

"அரிசி ரேஷனா, கடையா?"

தாணம்மாள் பூதலிங்கத்தைப் பார்த்தாள். அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடை அரிசிதான். ரேஷன் அரிசி இவனுக்குத் தொண்டையில இறங்காது."

தூணோரம் நின்ற சிவதாணு தலை குனிந்துகொண்டான்.

"பால்?"

"தினமும் ரெண்டு லிட்டர்."

"ரெண்டு பேருக்கா?" பிரிஜா நிமிர்ந்தாள்.

"தயிருக்கு உறை குத்தணும்லா!"

"நெய்?"

"நெய்யி இல்லாம இவன் இலையிலயே கை வைக்க மாட்டான்."

"பழம்?"

"மட்டிப்பழம் குலையோட வாங்குகோம். ஆப்பிளும் உண்டும்." சொல்லச் சொல்ல அவளுக்கே பயமாக இருந்தது. பாழாய்ப்போன நாக்கு நின்றால்தானே?

"முந்திரிப் பருப்பு?"

கேட்டது பிரிஜா இல்லை, பூதலிங்கம்.

"பாயசத்துக்கு வாங்குவோம் அண்ணாச்சி."

"வாரத்துக்கு எத்தன பாயசம்?"

தாணம்மாள் விரலை மடக்கி எண்ணினாள். "செவ்வாயும்... வெள்ளியும்."

"பிரிட்டன்காரன்கூட இப்பிடித் திங்க மாட்டானே!" என்றார் பூதலிங்கம். சிரிக்கிறாரா, குத்துகிறாரா? ஒன்றும் பிடிபடவில்லை.

பிரிஜா எழுதி முடித்துக் கிளம்பினாள். அவள் கேட்டைத் தாண்டினாளோ இல்லையோ, பூதலிங்கமும் எழுந்துவிட்டார்.

"அண்ணாச்சி, காப்பி கலக்குகேன். ஒரு வாய்..."

"வேண்டாம். சேதி சொல்லி அனுப்புகேன்." செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறு என்று நடந்தே போய்விட்டார்.

"எதுக்கும்மா இப்பிடி அளந்தே?" சிவதாணுவுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. "படிச்ச மனுஷன், கண்டுபிடிக்காமயா இருப்பாரு?"

"ஏலே, உனக்காகத்தாம்லே."

"கல்யாணமும் போச்சு, கார்டும் போச்சு."

கல்யாணம் போனது போகட்டும். சோறாவது மிஞ்சணுமே! முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கொல்லை வழியாக ஓடினாள் தாணம்மாள். அந்தப் பிள்ளையின் காலில் விழுந்தாவது மாற்றி எழுதச் சொல்ல வேண்டும்.

வயலுக்குத் தண்ணீர் போகும் சானல்கரையில் ஸ்கூட்டியோடு நின்றிருந்தாள் பிரிஜா. எதிரே, கையைக் கூப்பிக்கொண்டு பூதலிங்கம். தாணம்மாள் சட்டென்று வாழை மறைவில் நின்றாள். ஐயோ, தான் சொன்னதெல்லாம் பொய் என்று போட்டுக்கொடுக்கிறாரோ?

"போன வாரம் எங்க வீட்டுக்கும் உங்க ஆளு ஒருத்தர் வந்தாரு மக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தார் அவர். "கல்யாணத் தரகர் பக்கத்துல இருந்தாரு, நான் என்ன செய்ய? வாயில வந்ததெல்லாம் சொல்லிட்டேன். டியூட்டோரியலப் பூட்டி ரெம்ப நாளாச்சு. ரேஷன் அரிசியிலதான் அடுப்பு எரியுகு. அவருகிட்ட சொல்லிக் கொஞ்சம் கொறச்சு எழுதச் சொல்லு மக்கா, கார்டு போயிரப்பிடாது."

"சார், கார்டுக்கும் இதுக்கும்..."

"அப்பிடியே அந்தத் தங்கச்சி வீட்டையும் கொறச்சு எழுதிரு. என் மக அங்கதான் பொங்கித் திங்கப் போறா."