உள்ளே விடாதவள்

தம்பிக்குச் சிறுநீரகம் மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று அறிந்ததும் அலறியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள் அக்காள். வந்ததும் வராததுமாக ஓர் இருமல் வேறு. வார்டு வாசலில் தம்பியின் மனைவி மாஸ்க்கோடு குறுக்கே நின்றாள்.

“உள்ள போக வேண்டாம் அண்ணி. இருமுறீங்க. அவர் உடம்பு இப்ப எந்தக் கிருமியையும் தாங்காது.”

“இது வெறும் தூசி இருமல்டி! அவனை இடுப்புல தூக்கி வளர்த்தவ நான். நேத்து வந்த நீ எனக்குச் சட்டம் சொல்றியா?”

“எல்லாருக்கும் அதே சட்டம்தான் அண்ணி. பெரிய டாக்டரையே கை கழுவிட்டு வரச் சொன்னேன்.”

“உனக்கென்ன, நீ மட்டும் கண் குளிரப் பாத்துக்குவ! வயிறு எரியறது எனக்குத்தானே?”

சத்தம் கேட்டு நர்ஸ் கதவைத் திறந்தார்.

“கொஞ்சம் மெதுவா பேசுங்க. ஏம்மா, உங்களுக்குச் சளி விட்டுதா? ஆபரேஷன் முடிஞ்சு நீங்க ஒரு தடவைகூட உள்ள வரலைன்னு உங்க வீட்டுக்காரர் குறைப்பட்டுக்கறார்.”

“இன்னும் தும்மல் நிக்கலை சிஸ்டர். நின்னதும் வர்றேன்னு சொல்லுங்க.”

அக்காள் சற்றுத் தள்ளியிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினாள்.

“நின்னது போதும், வந்து உட்காரு. இனிமே எவன் உள்ள போறான்னு நான் பாத்துக்கறேன்.”