கொச்சிக்காய்த்தூளில் ஒரு ரப்பர்

"என் சோத்துல மண்ணள்ளிப் போட்டது யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா அந்த ஆள் இந்த எட்டுப் பேருக்குள்ளதான் நிக்குது."

ஸஹாப்தீன் ஹாஜியாரின் உள்ளங்கையில் கடலையளவு ஒரு பச்சை ரப்பர். ஹேன்ட்ஸ்ஃப்ரீயின் முனையில், காதுக்குள் போகிற இடத்தில் மாட்டியிருக்குமே, அதுதான். கலேவெலக் கடைக்காரர் ஒருவர் கொச்சிக்காய்த்தூள் பக்கட்டைப் பிரித்தபோது உள்ளேயிருந்து விழுந்ததாம். மீதி நூற்றிருபது பக்கட்டையும் கொண்டுவந்த லொறியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்.

மூட்டை சுமந்து, கண்டவனிடமெல்லாம் ஏச்சு வாங்கி, பலாபத்வலயில் சொந்தமாய் ஒரு மிளகாய் அரைக்கிற மில் போட்டவர் ஹாஜியார். கோபம் வந்தால் அவர் சத்தத்துக்கு மெஷின் தோற்றுவிடும். நான் கரண்டு பில் கட்டி மில்லை ஓட்ட, நீங்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டு நிற்கிறீர்களா என்று ஏசித் தீர்த்தார். நாளைக் காலைக்குள் ஆள் யாரென்று தெரியாவிட்டால் எட்டுப் பேரையும் வேலையிலிருந்து நிப்பாட்டுவேன் என்றார்.

தூளுக்குப் பயந்து தலைக்கும் காதுக்கும் துணி சுற்றி நின்ற எட்டுப் பேரும் மெஷினுக்குத் திரும்பினார்கள்.

அன்று பின்னேரமே ஹாஜியார் நப்லானின் போன் கடைக்குப் போனார். ரப்பரை மேசையில் வைத்து, இதை வாங்கின ஆளின் பேரைச் சொல் என்று நின்றார். நப்லான் தலையைச் சொறிந்தான். பச்சை ரப்பர் மாசத்துக்கு ஐம்பது போகிறது, யாரென்று சொல்வது?

அந்த நேரம் பார்த்து ரஜிதா உள்ளே வந்தாள். நாலு வருஷமாய் அவருடைய மெஷினுக்குக் கொச்சிக்காய் கொட்டுகிறவள். முதலாளியைக் கண்டதும் அவள் கால் கொஞ்சம் தயங்கியது. பிறகு நேரே மேசைக்கு வந்தாள்.

"நப்லான் நானா, போன தடவை தந்தது காதுல நிக்கல. கழண்டு விழாத மாதிரி ஒண்ணு காட்டுங்க."

ஹாஜியாருக்கு ரத்தம் தலைக்கேறியது. இவளுடைய நெஞ்சழுத்தம் எதுவரைக்கும் போகிறது என்று பார்ப்போம் என்று கையைக் கட்டிக்கொண்டார்.

அவள் ஒவ்வொன்றாய்க் காதில் வைத்தாள். தலையை உதறினாள். வெற்றிலை மெல்லுகிற மாதிரி தாடையை அசைத்தாள். மூட்டை தூக்குகிறவள் போலக் குனிந்து நிமிர்ந்தாள். சின்ன ரப்பரைக் கழற்றிப் பெரியதைப் போட்டுக்கொண்டு திரும்பவும் அதே கூத்து. பாட்டுப் போட்டுப் பார்க்கச் சொல்லி நப்லான் தன் போனை நீட்டினான். வேண்டாம் என்றாள். அதற்குப் பதிலாக வாசலில் நின்ற ஆட்டோக்காரரிடம் எஞ்சினை ஒருதரம் முறுக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஐந்தாவது சோடியில்தான் முகம் தெளிந்தது.

"இது எவ்வளவு?"

"எழுநூத்தம்பது. பேஸ் அடிச்சுத் தள்ளும் தங்கச்சி. மைக்கும் இருக்கு."

"பேஸும் வேணாம், மைக்கும் வேணாம். நானூறு போடுங்க."

"வயருக்கே அந்த விலை வரும்."

"அப்ப வயரை வெட்டி நீங்களே வச்சிக்கங்க. எனக்கு இந்த ரெண்டு முனையும் போதும்."

விலை பேசியே ஆளானவர் ஹாஜியார். இப்படி ஒரு பேரத்தை அவர் கேட்டதே இல்லை. வயர் இல்லாமல் எப்படிப் பாட்டுக் கேட்பாய் என்று அவள் மேல் பாய்ந்தார்.

"யாரு முதலாளி பாட்டுக் கேக்குறது? எங்க போனையெல்லாம்தான் நீங்க காலையிலயே வாங்கி வச்சிக்கிறீங்களே. மெஷின் சத்தத்தை அடைக்கத்தான் இது. பஞ்சு வச்சுப் பாத்தேன், தூள் ஏறி ரெண்டு காதும் எரிஞ்சிச்சு. வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும் காதுக்குள்ள மெஷின் ஓடுது."

ஹாஜியார் நம்பவில்லை. இருபத்தாறு வருஷமாய் அதே மெஷின் பக்கத்தில் நிற்கிறவன் நான், எனக்கு என்ன வந்துவிட்டது என்று கேட்டார். இது பாட்டுக் கேட்கிற சாமான்தான், காட்டுகிறேன் பார் என்று அதைப் பறித்து நப்லானின் போனில் செருகினார். ஒரு முனையை வலது காதில் வைத்தார். நப்லான் ஒரு பாட்டைத் தட்டிவிட்டான்.

ஹாஜியார் முகத்தைச் சுளித்தார். கூட்டு என்றார். இன்னும் கூட்டு. முழுசாய்க் கூட்டு.

"என்னடா, பழுதான சாமானையா விக்கிறே? இதுல ஒண்ணுமே கேக்கலையே."

நப்லான் குனிந்துகொண்டான். ஹாஜியாரின் நெஞ்சில் தொங்கிய மற்ற முனையிலிருந்து, மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற அவனுக்கே பாட்டு வார்த்தை வார்த்தையாய் வந்துகொண்டிருந்தது.

ரஜிதா பாட்டை நிறுத்தினாள். பிறகு ஹாஜியாரைச் சுற்றி வந்து, அவருடைய இடது பக்கமாய் நின்றாள்.

"காதுக்கு மூடி வாங்கித் தாங்கன்னு மூணு தடவை உங்ககிட்ட சொன்னோம் முதலாளி. வேணும்னே முகத்தைத் திருப்பிக்கிறீங்கன்னு நெனச்சு உங்களைத் திட்டாத திட்டெல்லாம் திட்டியிருக்கோம். நாங்க எப்பவும் அந்த வலது பக்கம் நின்னு சொல்லியிருக்கோம்னு இப்பத்தான் தெரியுது."

ஹாஜியாரின் கை தன்பாட்டில் வலது காதுக்குப் போனது.

"பக்கட்டுல ரப்பர் விழுந்தது என் தப்பு. அதுக்கு என்னை நிப்பாட்டுறதுன்னா நிப்பாட்டுங்க. ஆனா மூடி வராம நாளைக்கு மத்த ஏழு பேரும் அந்த மெஷினைத் தொட மாட்டாங்க. உங்க இந்தக் காதுல இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. எட்டா வாங்காதீங்க, ஒம்பதா வாங்குங்க."