இடப்பக்கச் சக்கரம்

"எந்தப் பக்கம் திருப்பணும்?"

"வலப்பக்கச் சக்கரம்னா எப்பவும் போலத்தான். இடப்பக்கத்துக்கு எல்லாம் தலைகீழ். இறுக்குற மாதிரி திருப்பினாத்தான் கழலும்."

"இதென்ன கூத்து!"

"பழைய ஜீப்பு அப்படித்தான் வசு. தெரியாம மல்லுக்கட்டினா நட்டு அசையாது. ஸ்பேனர்தான் உடையும்."

கல்யாணமான புதிதில் அவன் சொல்லிக்கொடுத்தது. கையெல்லாம் கிரீஸோடு சிரித்தது அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அதே ஜீப். மலைப்பாதையின் பாதி இறக்கம். பஞ்சரானது இடப்பக்கச் சக்கரம்.

அவன் குத்துக்காலிட்டு ஸ்பேனரை அழுத்திக்கொண்டிருந்தான். அவள் சாலையோரம் நடந்தாள். திரும்பினாள். மறுபடி நடந்தாள்.

கைப்பேசி அடித்தது. வக்கீல்.

"எங்கம்மா இருக்கீங்க? பதினொரு மணிக்குக் கூப்பிடுவாங்க. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா இன்னிக்கே விவாகரத்து முடிஞ்சிடும்."

"வந்துட்டே இருக்கோம் சார்."

மழைக்கு மலைப் பஸ் நின்றுபோனதால், அவளுடைய அம்மா வீட்டு வாசலுக்கே அவன் வந்து ஏற்றிக்கொண்டான். வழியெல்லாம் பேச்சில்லை.

பெரிய சண்டை என்று எதுவும் நடந்ததில்லை. பேச்சுத்தான் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனது. பெட்டியோடு அவள் கிளம்பிய அன்றும், "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று மட்டும்தான் சொன்னான்.

நட்டு அசையவில்லை.

அவன் எழுந்து, வண்டிக்குள்ளிருந்து நீளமான இரும்புக் குழாயை எடுத்து வந்தான். ஸ்பேனரின் கைப்பிடியில் செருகினான். ஏறி மிதித்தான்.

அப்போதுதான் அவள் கவனித்தாள்.

வலப்பக்க நட்டுகளைக் கழற்றும் பக்கம் மிதிக்கிறான். இந்தச் சக்கரத்துக்கு அது இறுக்கும் பக்கம்.

'அந்தப் பக்கம் இல்லைங்க.'

வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

மறந்துவிட்டானா? கண்ணைக் கட்டிவிட்டாலும் இந்தச் சக்கரத்தைக் கழற்றி மாட்டுகிறவன்.

அவன் நிமிரவில்லை. காது மடல் மட்டும் சிவந்திருந்தது.

இன்னொரு மிதி.

டப்பென்று ஸ்பேனர் முறிந்தது. குழாய் தெறித்துப் பள்ளத்தில் உருண்டது. கையின் பலத்துக்கென்று செய்த இரும்பு. ஓர் ஆளின் மொத்தப் பாரத்தையும் குழாய் வழியே அதன் மேல் ஏற்றினால், நட்டும் வழிவிடாவிட்டால், அது எவ்வளவு நேரம் தாங்கும்?

"போச்சு" என்றான். குரலில் வருத்தமே இல்லை.

"வேற ஸ்பேனர்?"

"இல்ல."

மேல் வளைவில் ஹாரன் கேட்டது. லாரி ஒன்று இறங்கி வந்துகொண்டிருந்தது. கை காட்டினால் நிற்கும். ஏறிக்கொண்டால் பதினொரு மணிக்குள் கோர்ட்டுக்குப் போய்விடலாம்.

அவன் லாரியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"நிறுத்தட்டுமா?"

கேட்டானே தவிர, அவன் கை எழவில்லை.

லாரி நெருங்கியது. பெட்டியோடு வாசலில் நின்ற அன்றிலிருந்து தொண்டையில் வைத்திருந்ததை அவள் சொன்னாள்.

"போகாதேன்னு ஒரு தடவை சொல்லுங்களேன்."