ஒரு ஆளுக்கு ஒரு கையெழுத்து

"முதல்ல அந்த ஆளை வெளியே அனுப்பு மியூரியல்!"

உள்ளே காலை வைத்ததும் வைக்காததுமாக வெர்னா பொரிந்து தள்ளினாள். பனித்தரையில் கல்லைத் தள்ளி விளையாடுகிற ஊர் கர்லிங் கிளப்பின் கூடம்தான் அன்றைக்கு வாக்குச்சாவடி. கதவோரம் மடக்கு நாற்காலியில் ஆர்வில் கிழவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அவர் உன்னை என்ன பண்ணினார்?" என்றாள் தேர்தல் அதிகாரி மியூரியல்.

"காலைல நான் ஓட்டுப் போட வந்தப்பவும் இங்கேதான் இருந்தார். மணி ரெண்டாச்சு, இன்னும் அசையல. விடுதிக்காரங்க யாராவது வந்தா மிரட்டத்தானே உக்காந்திருக்கார்?"

"மனுஷன் ஒரு வார்த்தை பேசலம்மா. நீதான் கழுத்துல ஆரஞ்சுத் துண்டைச் சுத்திக்கிட்டு வந்து நிக்கறே. கட்சிக் கலர் உள்ளே கூடாதுன்னு தெரியாதா? கழட்டு."

வெர்னா துண்டை உருவிக் கைப்பையில் திணித்தாள்.

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. வீடில்லாதவர்களுக்காகத் தங்கள் தெருவில் ஒரு விடுதி வரவேண்டும் என்று இரண்டு வருஷம் நகரசபையோடு மல்லுக்கட்டியவள் அவள். வரக்கூடாது என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவர் நீலக் கட்சிக்காரரான ஆர்வில். விடுதி வந்து ஆறு மாசமாகிறது. 'இங்கே விடுதி வேண்டாம்' பலகை மட்டும் இன்னும் அவர் வீட்டுப் புல்தரையில் நிற்கிறது.

வெர்னாவோடு வந்திருந்த ரோக்ஸான் அந்த விடுதியில் இருப்பவள். நாற்பத்தொரு வயதில் முதல் ஓட்டு. அதற்காகவே யாரிடமோ நல்ல கோட்டு ஒன்று இரவல் வாங்கிப் போட்டிருந்தாள் பாவம். போன வாரம் பஸ்ஸில் பையைத் தொலைத்ததில் அடையாள அட்டையெல்லாம் போய்விட்டது. ஆனால் அதே தெருக்காரர் ஒருவர் 'இவளை எனக்குத் தெரியும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் சட்டம் ஒத்துக்கொள்ளும்.

"படிவத்தைக் கொடு, நான் போடறேன்" என்றாள் வெர்னா.

மியூரியல் பட்டியலைப் பார்த்தாள். "நீ போட முடியாது. காலைல லாய்டுக்குப் போட்டுட்டியே."

லாய்டு வெர்னாவின் புருஷன். ஞாயிற்றுக்கிழமை மீன்பிடிக்கப் போய்ப் பர்ஸை ஏரிக்குத் தானம் பண்ணிவிட்டு வந்த புண்ணியவான்.

"அது அவருக்கு. இது இவளுக்கு."

"ஒரு ஆள் ஒருத்தருக்குத்தான் போடலாம். நீ கையெழுத்துப் போட்ட தாள்லயே கொட்டை எழுத்துல இருக்கு. படிக்கலையா?"

"அதையெல்லாம் யார் படிக்கறா! அட கடவுளே... அந்த மனுஷன் ஓட்டுப் போடலேன்னா குடியா முழுகிடும்? அவர் ஓட்டை ரத்து பண்ணிடு!"

"நல்லா இருக்கே நியாயம். அது பெட்டிக்குள்ள போயாச்சு."

ரோக்ஸான் கோட்டுப் பொத்தானை மறுபடி மாட்டத் தொடங்கினாள்.

"விடுங்க வெர்னா. எனக்கு எப்பவுமே இப்படித்தான் நடக்கும். வாங்க போகலாம்."

'ஓட்டு இருந்தாத்தான் உன்னை மதிப்பாங்க' என்று ஒன்றரை மாசம் படித்துப் படித்துச் சொல்லி அழைத்து வந்தவள் வெர்னாதானே. கூடத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். அவர்கள் தெருக்காரர் என்று இருந்தது ஒரே ஒருவர்தான்.

அவரிடம் போய்க் கேட்பதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இருந்தாலும் போனாள்.

"ஆர்வில்... ஒரு உதவி. இவளுக்கு..."

"எல்லாம் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். எனக்குக் கண்ணுதான் மங்கல், காது நல்லா இருக்கு" என்று எழுந்தார். "பேனா எங்கே?"

"இவங்களை உங்களுக்கு நிஜமாவே தெரியுமா? சத்தியம் பண்ணணும்" என்றாள் மியூரியல்.

"தெரியாம என்ன? தினமும் காலைல என் வேலியோரம் நின்னு சிகரெட் ஊதறா. தினமும் நான் திட்டறேன். தினமும் திருப்பித் திட்டறா."

"அவர்தான் முதல்ல ஆரம்பிப்பார்" என்று ரோக்ஸான் சிரித்துவிட்டாள்.

ஆர்வில் கையெழுத்துப் போட்டார். ரோக்ஸான் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போய், பென்சிலால் குறியிட்டு ஓட்டுப் போட்டுவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே வெளியே வந்தாள்.

வெர்னாவுக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

"நீங்க இன்னும் ஓட்டுப் போடலையா ஆர்வில்?"

"அவர் ஒன்பது மணிக்கே போட்டாச்சு" என்று மியூரியல் முந்திக்கொண்டாள். "'எங்கிட்ட ஒரு கையெழுத்து சும்மா கிடக்கு. விடுதிக்காரங்க யாராவது அட்டை இல்லாம வந்தா என்னைக் கூப்பிடு'ன்னு சொல்லிட்டு உக்காந்தவர்தான். சாப்பாட்டுக்குக் கூடப் போகல."

"அப்போ உங்க வீட்டுப் பலகை?"

"அது அப்படியேதான் இருக்கும். விடுதி வேண்டாம்னு இப்பவும் சொல்வேன்" என்றார் ஆர்வில். "ஆனா வந்துட்டாங்கல்ல? வந்தப்புறம் அவங்க என் தெருக்காரங்க. என் தெருக்காரங்க ஓட்டுப் போடாம திரும்பிப் போறதா?"

வெர்னாவுக்கு அந்தக் கிழவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே கேட்டாள்:

"கையெழுத்துப் போட நம்ம தெருவுல இன்னும் ரெண்டு பேர் கிடைப்பாங்களா ஆர்வில்?"

"எதுக்கு?"

"விடுதியில இன்னும் ரெண்டு பேர் அட்டை இல்லாம இருக்காங்க. ஓட்டுப் போட அவங்களுக்கும் ரொம்ப ஆசை."

"கார்லதானே வந்தே? அவங்களையும் ஏத்திக்கிட்டு வர்றதுக்கென்ன?"

வெர்னா தரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தாள்:

"அவங்க... உங்க கட்சிக்குப் போடறதா சொன்னாங்க."